ஆரோட?

மேகொங் ஆற்றில் இரண்டு நாள்
நீளப் படகில் போனேன்.
பழைய வேன்களில் கழற்றிப் பூட்டிய இருக்கைகள்,
ஒன்று எனக்கு.
பக்கத்தில் கோழிக்கூடை,
அதற்கங்கால் மோட்டார் சைக்கிள் டயர் இரண்டு.
மூங்கில் பெட்டிக்குள் கைவிட்டு
ஒட்டும் சோற்றை உருட்டி நீட்டினாள் ஒருத்தி.
உப்பில்லை.
இரண்டாம் உருண்டையும் வாங்கினேன்.

களுவாஞ்சிக்குடிக்குத் திரும்பி வந்து
ஆய்வுகூடத்தில் கையுறை போட முதலே
ஜெயவதனி கேட்டா:
"லாவோஸுக்கா? ஆரோட?"

அவவுக்கு, "ஒரு குறூப்போட."
பெரிய டொக்டருக்கு, "ட்ரெய்னிங் ஒண்டு சேர்."
கனடாத் தம்பி வீடியோவில் வந்தான்,
அவனுக்கு, "தெரிஞ்ச ஆக்கள்தான்டா."
கோயிலடியில் மறித்த மாமிக்கு
இரண்டு டீச்சர்மாரையும்
ஒரு டீச்சரின் புருஷனையும் கூட்டிப்போனேன்.

மீன் வெட்டும் இன்பராசா மட்டும்
கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்
"அங்கத்தய மீன் என்ன மாதிரிகா?" என்றார்.
"ஆத்து மீன். சேத்து மணம்.
புளி கூட விட்டா எடுபடும்."
அந்தக் கிழமை நான் சொன்ன ஒரே உண்மை.

இரவு படுத்துக்கிடந்து எண்ணிப் பார்த்தேன்.
நாற்பது பேர் வரை என்னோடு வந்திருந்தார்கள்.
படகு தாண்டிருக்கும்.

மறுகா ஒரு போயா லீவு.
அதே பை. வாரில் விமானக்காரன் ஒட்டிய தாள்
இன்னும் உரியவில்லை.
கல்முனையில் மாறி ஏறினேன்.
"எத்தின?"
"ஒண்டு."
"மத்த ஆக்கள் பின்னுக்கா?"
"ஒண்டுதான் தம்பி."
காசை வாங்கிக்கொண்டு
பின் இருக்கைகளை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனான்.
நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில்.
கோமாரி தாண்ட யானைவேலி,
வேலிக்குள் ஆருமில்லை.
சன்னலோரம் முழுக்க எனக்கே.

அறுகம்குடாவில்
கடல் பார்த்த விடுதியொன்றின் மேசைக்குப் பின்னால்
அஸ்மீர் என்று சட்டையில் எழுதியிருந்த பொடியன்
இங்கிலீசில் சிரித்தான்.
தமிழில் அறை கேட்டேன்.
சிரிப்பை மடித்து வைத்தான்.
"ஆரோட வந்தீங்க?"
"தனிய."
"ரூம் இல்லயே அக்கா."
அவன் தலைக்கு மேல் ஆணிகளில்
ஏழு திறப்பு தொங்கின.

அந்நேரம் வெயிலில் தோளுரிந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை
மணல் காலோடு வந்தாள்,
ஈரப் பையைத் தரையில் போட்டாள்.
பாஸ்போட்டைப் பார்த்து நாலாம் நம்பரைக் கொடுத்தான்.
ஆறு திறப்பு.

என்னுடையதும் பையில்தான் கிடந்தது.
எடுத்து மேசையில் வைத்தேன்.
ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான்,
லாவோஸ் முத்திரையில் நின்றான்,
வாய்க்குள் எழுத்துக்கூட்டினான்.
"இஞ்சயெல்லாம் போயிருக்கீங்களா!
ஆரோட?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவனுக்கும், கொஞ்சம் பிந்தி.
வாசலை ஒருக்கால் பார்த்துவிட்டுக்
குரலைத் தாழ்த்தினான்:
"முதலாளி ஏசுவார் அக்கா.
ரெண்டு பேர் எண்டு எழுதட்டா?
குறை நினைக்காதீங்க."

பதிவுக் கொப்பியில்
முதல் வரியில் தவமலர் என்று எழுதினேன்.
இரண்டாம் வரிக்கு ஆளில்லை.
எழுத்தைச் சரித்து, பேனையை அமத்தி
தவமலர் என்றே எழுதினேன்.
"ஒரே பேரா?"
"எங்கட பக்கம் கூட."

அறையில் துவாய் இரண்டு,
தாள் சுற்றிய சவுக்காரம் இரண்டு,
தலையணை இரண்டு.
ஒன்றைச் சுவரோரம் தள்ளாமல் படுத்தேன்.
இரவு முழுக்க அலை
ஒரே இடத்தில் வந்து வந்து விழுந்தது.

விடியக் கதவைத் தட்டி
அஸ்மீர் தட்டத்தோடு நின்றான்.
பிளேன்டீ இரண்டு.
சொன்னால் சொன்னதுதானே அக்கா
என்பதுபோல ஒரு முகம்.

விறாந்தையில் இருந்து
ஒன்றைக் குடித்தேன்.
வள்ளங்கள் கரைக்கு வரும்வரை பார்த்திருந்தேன்.
மற்றது ஆறி, மேலே ஒரு இலையான் சுற்றத் தொடங்கியது.
கையால் விரட்டிவிட்டு
அதையும் குடித்தேன்.
சீனி கொஞ்சம் கூட.